ஒரு விரற்கடை தூரத்துக் கேமரா

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, உன் தங்கை மூன்று பேரும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் சளி இல்லாமல், நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், நிம்மதியாக இருக்கிறேன் என்று எழுதவில்லை, கவனி. போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியில் நடுவே இரண்டு தடவை செருமினாய். கேட்டால் தூசி என்பாய். கப்பலைச் சுரண்டிச் சீர் பண்ணுகிற இடத்தில் தூசி இருக்கத்தான் செய்யும், அதற்குத்தானே முகமூடி கொடுக்கிறார்கள், அதைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நிற்காமல் மூக்கில் போடு. நீ அனுப்புகிற படங்களில் எல்லாம் அது கழுத்தில்தான் இருக்கிறது. அப்பா சொல்கிறார், நீ அதைப் பார்க்கிறாய், நான் அவள் பின்னால் நிற்கிற கப்பலைப் பார்க்கிறேன் என்று. அவரவர் கண் அவரவர் கவலை.

நீ கேட்டது ஒரே ஒரு வரி. கேமராவை ரிப்பேர் பண்ணப்போறியா இல்ல நான் புதுசு வாங்கி அனுப்பட்டுமா, சட்டுன்னு சொல்லும்மா என்று கேட்டாய். சட்டென்று சொல்ல வேண்டியதற்கு இத்தனை நாளாகப் பதிலே இல்லை, வரும்போது இப்படிப் பக்கம் பக்கமாக வருகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் பாதியில் அப்பா வாங்கிக்கொள்வார், அவர் கையிலிருந்து வானொலி பிடுங்கிக்கொள்வாள் (உன் தங்கைக்கு இப்போது அதுதான் பெயர், கண் திறந்ததும் ஒலிபரப்பு தொடங்கினால் கண் மூடும்வரை நிற்காது), கடைசியில் என் பங்குக்கு சரி வச்சிடறேன் பாத்து இரு என்பது மட்டும்தான் மிஞ்சும். இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. இந்தச் சின்னப் பெட்டியால் உன் அம்மா பதினைந்து நாளில் அழுதாள், அசட்டுக் காரியம் ஒன்று செய்தாள், தெருவில் குப்புறப் படுத்தாள், கடைசியில் கூத்தாடாத குறையாகச் சிரித்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். பள்ளிக்கூடத்தில் நான் பார்த்துக்கொள்கிற செய்முறைக் கூடத்துச் சுவரில், சும்மா இருக்கிறதே என்று, நான் எடுத்த களைச்செடிப் படங்களை ஒட்டி வைத்திருந்தேன் அல்லவா? பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு அம்மா அதன் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. குழந்தைகள் புத்தகம் போடுகிற இடத்தில் பதிப்பாசிரியராம். காலடியில் முளைக்கிற செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறோம், மிதிச்சிட்டுப் போறதையெல்லாம் குழந்தைங்க குனிஞ்சு பாக்கணும், படம் முழுக்க நீங்களே எடுத்துக் கொடுங்க என்று கேட்டுவிட்டார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் படங்கள் என்று போட்டு என் பெயர் வரும் என்றார். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு தாவரவியல் கடைசிப் பரீட்சை எழுதியவள் நான். அதற்கப்புறம் அந்தப் படிப்பு சோதனைக்குழாய் கழுவத்தான் பயன்பட்டது. என் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான், அதிலும் ஒரு எழுத்துப் பிழை. ஆகவே இந்தப் புத்தகம் எனக்கு எவ்வளவு பெரிது என்று நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் கண் பட்டு எதுவாவது ஆகிவிடும் என்று பயம். காட்டிக்கொள்ளாமலேதான் ஆனது.

எல்லாம் எடுத்தாகிவிட்டது, இன்னும் நாலே நாலு படம் பாக்கி. அதில் ஒன்று புளியாரை. நீ பார்த்திருப்பாய், மூன்று மூன்று இலையாக, ஒவ்வொன்றும் நடுவில் மடித்த மாதிரி, சின்ன மஞ்சள் பூ, காய் மட்டும் குட்டி மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் மதிலோரம் சிமென்ட் வெடிப்பில் நன்றாகக் காய்த்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பையைக் கீழே வைத்துவிட்டு, துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்துவிட்டேன். அதை அதன் உயரத்திலிருந்து பார்க்காவிட்டால் படத்துக்கு உயிரே வராது. கண்ணை அதில் வைத்துப் படுத்திருக்கிறேன், முகத்தில் சளீரென்று தண்ணீர். நிமிர்ந்தால் ஒருவர் பாட்டிலோடு நிற்கிறார், தள்ளுங்க தள்ளுங்க காத்து வரட்டும் என்று மற்றவர்களை வேறு விரட்டுகிறார். நான் மயங்கலங்க, படம் எடுக்கறேன் என்றேன். எதை என்றார். இந்தச் செடியை என்றேன். செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி செடியைப் பார்த்தார், வீட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா, கூப்பிடட்டுமா என்று அவ்வளவு கனிவாகக் கேட்டார். சிரிக்காதே. அவர் போன பிறகு, ஈர முகத்தோடு, வெட்கத்தில் அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். நம் கேமராவின் பெருமையே அதுதானே, ஒரு விரற்கடை தூரத்தில் வைத்தாலும் தெளிவாகப் பிடிக்கும். லென்ஸின் விளிம்பு காயின் நுனியில் பட்டது, நான் பொத்தானை அழுத்தினேன், எல்லாம் ஒரே நொடி. அப்புறம் லென்ஸ் உள்ளே போகப் பார்த்தது, பாதியில் நின்றது, கர்ர்ர் என்று பல்லைக் கடித்தது. திரையில் லென்ஸ் கோளாறு, அணைத்துப் போடவும் என்று எழுத்து வந்தது.

அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். பள்ளிக்கூடம் போகும்வரை அதையேதான் செய்துகொண்டு போனேன். சாயந்திரம் அப்பாவிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். லிஃப்டு நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா, எல்லாப் பட்டனையும் ஒண்ணு விடாம அமுக்குவாங்க, நீ வெளிய இருந்துக்கிட்டே அதைப் பண்ணியிருக்க சங்கு என்றார். (நான் இன்னும் அபாயச் சங்குதான், பதவி உயர்வு இல்லை.) அவருக்கு அந்தக் கேமராமேல் தனிப் பாசம். விபத்தே இல்லாத வருடத்துக்காக லிஃப்ட் கம்பெனி கொடுத்த பரிசு அல்லவா, அவர் வாழ்க்கையில் கம்பெனி கொடுத்த பொருள்களில் வேலை செய்கிற ஒரே பொருள் அதுதான் என்பார். உடனே நம் வீட்டு வழக்கப்படி அந்தப் பழைய தகரப் பலகையை எடுத்து வந்தார், பழுது தொடாதீர்கள் என்று எழுதியது. சமையலறைக் குழாயில் தொங்கியது, மிக்ஸியில் தொங்கியது, முதுகு பிடித்துக்கொண்டபோது அவர் கழுத்திலேயே தொங்கியது, நினைவிருக்கிறதா? இந்தத் தடவை கேமராமேல் வைத்தார். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய்ப் போய்ப் பார்த்ததால் இரவுச் சாப்பாட்டின்போது என் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டார். திறந்து பார்க்கட்டுமா என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஃபிளாஷுக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும், அணைத்த பிறகும் அடிக்கும், நான் படித்திருக்கிறேன். நாலு மாடி உயரத்துல கம்பியில தொங்குறவன இந்தத் தீப்பெட்டி கொன்னுடுமா என்றார். கொல்லாது, ஆனால் துள்ள வைக்கும், துள்ளினால் உங்கள் முதுகு மறுபடி பிடிக்கும் என்றேன். பலகையைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார்.

போனில் எடுத்தால் என்ன என்று நீ கேட்பாய், வானொலியும் கேட்டாள். எடுத்தேன். கிட்டே கொண்டுபோனால் போனின் நிழலே செடிமேல் விழுகிறது, தள்ளிப் பிடித்தால் அது பூவை விட்டுவிட்டு மதிலைத் தெளிவாக எடுத்துத் தருகிறது. மதில் ரொம்ப அழகாக வந்திருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இனி அசட்டுக் காரியம். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அன்றைக்கே பதிப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். என் கேமரா கெட்டுவிட்டது, உங்கள் வேலை என்னால் நிற்கக்கூடாது, மீதி நாலு படத்தையும் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் முழுப் புத்தகத்தையும் அவரே எடுக்கட்டும், என் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை. இப்படி. மழைக்கு முன்னாலேயே குடை விரிக்கிறவள் என்று என்னைச் சொல்வாய், அன்றைக்கு மழை வரும் என்று பயந்து வீட்டையே காலி பண்ணிவிட்டேன். அனுப்பிய மறுநிமிஷமே திரும்பப் பிடித்து இழுக்க முடியுமா என்று தேடினேன், முடியாதாம். பதிலும் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும்போது குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு அழுதேன். வானொலி வந்து, ஏம்மா குழாய்ல இவ்ளோ தண்ணி என்றாள்.

மறுநாள் கேமராவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன், பேனா பென்சில் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறதே அது. கடைக்காரர் பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வெற்றுக் கண்ணால் பார்த்தார், அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல மேடம், லென்ஸை முழுசா மாத்தணும், அதுக்குப் பேசாம புதுசு வாங்கிடலாம் என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பளபளவென்று கையில் வழுக்கியது. தூரத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில் காய்கிற சட்டையின் பொத்தான்கூடத் தெரிந்தது, பொய் சொல்லக்கூடாது, அருமையான சாமான். ஆனால் மேஜைமேல் கிடந்த திருகாணியைக் காட்டினால் ஒரு சாண் தள்ளிப் போனால்தான் பிடிக்கிறது, கிட்டே போனால் எல்லாம் கஞ்சி மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு ஒரு விரற்கடை வேண்டும் என்றேன். இவ்ளோ கிட்ட போய் என்னத்த மேடம் பாக்கப் போறீங்க என்றார். அவரை மாடிப்படி இறக்கிக் கூட்டிவந்து, அவர் கடை வாசற்படி ஓரத்தில் முளைத்திருந்த அம்மான் பச்சரிசியைக் காட்டி, என் போனில் இருந்த அதே செடியின் படத்தையும் காட்டினேன். பூங்கொத்து பூங்கொத்தாக, ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவு. இதையா நான் தினமும் மிதிச்சிட்டு வர்றேன் என்று ஒரு காலைத் தூக்கினவர், எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கொக்கு மாதிரி நின்றார். அப்புறம் உண்மையைச் சொன்னார். திறந்தால் சரியானாலும் ஆகலாம், ஒரேயடியாகச் செத்தாலும் சாகலாம், நான் பொறுப்பில்லை, கை வைக்கட்டுமா வேண்டாமா நீங்களே சொல்லுங்கள் என்றார். அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து உட்காருகிறேன், உன் செய்தி. தூக்கிப் போடும்மா, என் முதல் போனஸ் வருது, புதுசு வாங்கித் தர்றேன் என்று. அம்மாடி, எனக்குச் சந்தோஷம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த கப்பலையெல்லாம் தட்டி ஒட்டி வண்ணம் பூசிக் கடலுக்கு அனுப்புகிற இடத்தில் வரைபடம் போடுகிறவள் நீ, உள்ளங்கையளவு கேமராவைத் தூக்கிப் போடு என்கிறாயே, இது எந்த ஊர் நியாயம்? ஆனால் முதல் போனஸை அம்மாவுக்கு என்று நினைத்தாயே, அது எனக்குப் போதும். அதைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பொறு.

நாலைந்து நாள் கேமரா பலகைக்கு அடியிலேயே கிடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் அந்தப் படங்கள் ஒட்டிய சுவரைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் வானொலிக்குப் பல் கம்பி போட்டார்கள். வாயில் கம்பி இருந்தால் கொஞ்சம் பேச்சு குறையும் என்று அப்பா ஆசைப்பட்டார், பல் வைத்தியரிடமே கேட்டார், அவர் நான் எத்தனை கம்பி போட்டாலும் அது நடக்காது என்று சொல்லிவிட்டார். கேமரா கெடுவதற்கு முன்பே தன் பல்லைத் தானே அதில் படம் எடுத்து வைத்திருந்தாளாம், முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமாம். பலகையை மதிக்காமல் நினைவட்டையை மட்டும் உருவி எடுத்துக் கணினியில் போட்டிருக்கிறாள். திடீரென்று அம்மா அம்மா என்று ஒரு கத்தல். பல்லில் ரத்தம் வருகிறதோ என்று நான் கரண்டியோடு ஓடினேன். திரை முழுக்கப் புளியாரைக் காய். நான் கடைசியாக அழுத்திய படம், அது பதிவானதே எனக்குத் தெரியாது. லென்ஸ் பட்டதில் காய் வெடித்து நெடுக்காகப் பிளந்திருக்கிறது, உள்ளே இன்னும் வெள்ளை, விதைகள் காற்றில் பறந்துகொண்டிருக்கின்றன, கோடு கிழித்த மாதிரி. ஒரே ஒரு விதை மட்டும் உருண்டையாக, மங்கலாக, நடுவில். நடுவில் ஏன் உருண்டையாகத் தெரிகிறது என்றால், அது நேராக நம்மைப் பார்த்து வருகிறது. அப்பா மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். ஆளு உள்ளதான் இருக்கான் சங்கு என்றார்.

அதற்கப்புறம் அவரைப் பார்க்க வேண்டுமே. லிஃப்டு கதவு மூடலன்னா மோட்டாரைக் கழட்டறவன் கத்துக்குட்டி, கதவு ஓடற பள்ளத்துல கல்லு கிடக்கான்னு பாக்கறவன்தான் மெக்கானிக் என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டே மேஜையைத் துடைத்தார். திறக்க வேண்டியதில்லை, லென்ஸ் வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது, அதில்தான் அது சிக்கியிருக்க வேண்டும். புளியாரை விதை பசையோடு வரும், ஒட்டிக்கொள்ளும், இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அதை நான் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். பாட்டரியைக் கழற்றினோம். கேமராவைக் கவிழ்த்து அவர் பிடித்துக்கொண்டார், அவர் விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் பருமன், ஆகவே உள்ளே விடுகிற வேலை எனக்கு. கோப்பு உறையிலிருந்து மெல்லிய பட்டை ஒன்று வெட்டி, விளிம்பில் விட்டுச் சுற்றிலும் ஓட்டினேன், செய்முறைக் கூடத்துத் தூரிகையால் துடைத்தேன். என் கை நடுங்குகிறது, என்னால் முடியாது என்றேன். நடுங்கட்டும் விடு, அந்த ஆட்டத்துலயே விழுந்துடும் என்றார். நிஜமாகவே விழுந்ததடி. வெள்ளைத் தாளில் கடுகில் பாதி, செம்பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வரி வரியாக. இத்தனை பாடும் இந்தப் பொடியனாலா என்று மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பாட்டரியைப் போட்டு அழுத்தினேன், கண்ணை மூடிக்கொண்டு. சர்ரென்று வெளியே வந்தது, சர்ரென்று உள்ளே போனது. நாங்கள் போட்ட கூச்சலில் மேல்வீட்டிலிருந்து தரையைத் தட்டினார்கள். முழுக்கப் பழையபடி என்று சொல்ல முடியாது, லென்ஸை மூடுகிற இரண்டு இமையில் ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது, நகத்தால் தள்ளிவிட வேண்டும். அரைக்கண் போட்டுத் தூங்குகிற மாதிரி இருக்கிறது, அப்பா சாயல் என்கிறாள் வானொலி. விதையை அவள் பாட்டில் மூடியில் மண் போட்டு நட்டிருக்கிறாள், இன்னும் முளைக்கவில்லை, தினமும் காலையில் அதைத் திட்டுகிறாள்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் சப்பென்று ஆகிவிட்டது. கேமரா வந்துவிட்டது, வேலைதான் கையில் இல்லை. அப்போதுதான் மின்னஞ்சல் விஷயத்தை வெளியே விட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக, நீ ராஜினாமா பண்ணினத அவங்க ஏத்துக்கிட்டாங்களா என்றார். பதிலே வரவில்லை என்றேன். அப்ப நீ இன்னும் வேலையிலதான் இருக்க, போனைப் போடு என்றார். நாளைக்குப் போடுகிறேன், அவர்கள் சாப்பிடுகிற நேரமாக இருக்கும், என்ன பேசுவது என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று நான் அடுக்கிக்கொண்டே இருக்க, வானொலி எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டாள்.

பதிப்பாசிரியர் அம்மா உடனே எடுத்துவிட்டார். வணக்கம் என்றேன். அவரே பேசினார். உங்க மின்னஞ்சலைப் படிச்சேன், பதில் எழுதலாம்னா கோபம் தீரமாட்டேங்குது, அதான் எழுதல என்றார். என் பேச்சைக் கேட்டு ஒரு புகைப்படக்காரரை அனுப்பிப் பார்த்தாராம், பீரங்கி மாதிரி கேமரா, மூட்டை நிறைய லென்ஸ். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் மேலேயிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் எறும்பு பாக்கற மாதிரி கேட்டேன், அவரு காக்கா பாக்கற மாதிரி எடுத்துட்டு வந்திருக்காரு, எல்லாம் கீரைக் கட்டு மாதிரி இருக்கு, கொஞ்சம் படுத்து எடுங்கன்னா பேன்ட் அழுக்காயிடுமாம் என்றார். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்புறம் அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, கெட்டது கேமராதானங்க, நீங்க ஏன் போறீங்க, கருவி கெட்டா நாள் தள்ளிப் போட்டுக்கலாம், ஆளு போனா நான் எங்க போவேன் என்றார். நான் மூக்கை உறிஞ்சினேன். அவ அழறா, ஆனா வர்றான்னு அர்த்தம் என்று அப்பா குறுக்கே புகுந்து சொல்லிவிட்டார். நான் அவர் காலை மிதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். மீதிப் படங்களை ஒரே வெயிலில் முடித்துவிட்டேன். நான் படுத்திருக்க, வானொலி வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சம் திருப்பினாள், அப்பா பக்கத்தில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒண்ணுமில்லங்க, வேலை நடக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னதான் தெரியுது பாக்கலாம் என்று அவரும் படுத்துவிட்டார், எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வெடித்த காயின் படம் புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கமும் சேர்த்து வருகிறது. நேற்று, அச்சுக்கு முன்னால் சரிபார்க்கிற பார்வைப்படி வந்தது. முதல் பக்கத்தில் தனி வரியில் என் பெயர். பிழையில்லாமல். அப்பா அதை உரக்கப் படித்தார், பிறகு மறுபடி படித்தார், அலுவலகத்துக்கு எடுத்துப் போகட்டுமா என்றார். கசங்கிவிடும் என்றேன். கசங்கினால்தான் நாலு பேர் பார்த்தார்கள் என்று அர்த்தம் என்று எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

இப்போது நீ கேட்ட ஒரு வரிக்குப் பதில். கேமரா வாங்காதே. புதுசு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் அது ஒரு சாண் தள்ளி நிற்கச் சொல்கிறது, எனக்கு அவ்வளவு தள்ளி நிற்கத் தெரியாது. இது இன்னும் எத்தனை நாள் ஓடுமோ தெரியாது, ஓடுகிறவரை நகத்தால் இமையைத் தள்ளிக்கொண்டு ஓட்டுவேன். ஒருநாள் ஒரேயடியாக நின்றால் அன்றைக்கு நானே உன்னிடம் கேட்பேன், அப்போது வெட்கப்படமாட்டேன்.

ஆனால் போனஸை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பதிப்பாசிரியர் அடுத்த புத்தகம் கேட்கிறார். உப்புக் காற்றில், கடலோரச் சுவர்களில், பாறை இடுக்கில், சங்கிலி துருவேறிக் கிடக்கிற இடங்களில் முளைக்கிற செடிகள். இங்கே அதற்கு எங்கே போவேன்? உன் கப்பல் பட்டறையில்தான் அதெல்லாம் இருக்கும், நீ அனுப்பின படமொன்றில் உன் பூட்சுக்குப் பக்கத்தில் சதைப்பற்றான இலையோடு ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கிறது, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், என்ன செடி என்று பிடிபடவில்லை. அதை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் நான் வருகிறேன். ஆமாம், நான்தான், தனியாகத்தான். அப்பாவிடம் சொன்னதும் நீயா, தனியாவா, அடுப்பை அணைச்சோமான்னு தெருமுனையிலிருந்து திரும்பி வர்றவளா என்று சிரித்தார். சிரிக்கட்டும். வண்டி மாறுகிற இடத்தில் பயப்படுவேன், பெட்டியை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுவேன், நீ வந்து நிற்பாயா மாட்டாயா என்று கடைசி வரைக்கும் பயப்படுவேன். பயந்துகொண்டே வந்து சேருவேன்.

நீ நல்லாயிருக்கணும், கைகால் சுகத்தோடு, நல்ல மனுஷர்கள் நடுவில், நீ தொட்ட வேலை துலங்க இருக்கணும். அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார், வானொலி சொல்லச் சொன்னதை எழுதினால் தாள் போதாது. மறந்துவிடாதே, அந்தப் பணத்தில் எனக்குப் பயணச்சீட்டு எடு. ஒன்றே ஒன்று போதும். ஜன்னலோரமாகப் பார்த்து.

இப்படிக்கு,
வழியில் தின்ன என்ன எடுத்துவருவது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்ட
உன் அம்மா